கார்ல் சேகன்

வானநூலைப் பாமரர் இல்லந்தோறும் கொண்டுசென்ற கார்ல் சேகன், 1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் பிறந்தனர். தந்தையார் ஆடைத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்தவர். விண்மீன்கள் யாவை என்று இளமையில் இவர் வினவ, தக்க விடை கூறுவார் ஒருவருமிலர். நூல்நிலையம் சென்று கேட்டபோது, ஆங்கிலத்தில் விண்மீனுக்கும் புகழ்பெற்ற நடிகர்க்கும் ஒரே சொல் வழங்குதலின், சினிமா நடிகரைப் பற்றிய புத்தகமொன்று கொடுக்கப்பட்டதாம்! பிழை திருந்தி உரிய நூல் கைக்கு வந்தபின், நம் கதிரவனும் ஒரு விண்மீனே என அறிந்து பெருவியப்பெய்தினர்.

1960-இல் சிகாகோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றனர். வெள்ளிக் கோளினை அதன் கரியமில வாயு போர்வைபோல் மூடி வெப்பத்தைச் சிறைப்படுத்துதலால், அஃது உலைபோற் கொதிப்பதென ஆய்ந்துரைத்தனர். ஆயினும் 1968-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை இவருக்கு நிலையான பதவி தர மறுத்தது. சிகாகோவில் இவர்க்கு வழிகாட்டிய ஹெரால்டு யூரியே எதிராக எழுதினர். பின்னர் வருந்தி மன்னிப்பும் வேண்டினர். கார்னெல் சர்வகலாசாலை இவரை ஏற்றது.

1980-இல் 'காஸ்மாஸ்' என்னும் 13 பகுதித் தொலைக்காட்சித் தொடரால் இவர் புகழ் உலகெங்கும் பரவியது. அதில் நம் தமிழ்நாட்டுப் பொங்கல் விழாவும் இடம்பெற்றது. அப்புகழே இடையூறுமாயிற்று. 1992-இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தார் இவரை உறுப்பினராக்க மறுத்தனர். பாமரர்க்கு விளங்கப் பேசுதலும் குற்றமோ? அக்கழகமே 1994-இல் பொதுநலப் பதக்கம் அளித்தது விந்தையே.

இவர் கடவுள் நம்பிக்கை உடையாரல்லர். இவ்விடத்து யாம் அவரோடு ஒருப்படோம். எனினும், 1990-இல் 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வாயேஜர் விண்கலம் பூமியைப் படம்பிடிக்க வேண்டுமென வற்புறுத்தியவர் இவரே. அப்படத்தில் நம் உலகம் ஓர் ஒளித்துகளாய்த் தோன்றிற்று. எட்டாம் சங்கீதத்தை ஓதும்போதெல்லாம் அப்படம் எம் நினைவில் எழுகின்றது.

எலும்பு மஜ்ஜை நோயால் ஈராண்டு வருந்தி, 1996-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், சியாட்டில் நகரில், 62-ஆம் வயதிற் காலமாயினர்.