ஓவியர் ஹிரோஷிகே

இன்று டோக்கியோ என வழங்கும் எடோ மாநகரில் 1797-ஆம் ஆண்டு பிறந்தவர் உத்தகவா ஹிரோஷிகே. தந்தையார் தீயணைக்கும் படையில் பணியாற்றியவர். 1809-இல், பன்னிரண்டு வயதளவில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவர், தந்தையாரின் பதவியையே ஏற்றார். மரவீடுகள் நெருங்கிய அந்நகரில் தீ என்பது ஓயாத அச்சம். அப்பணிக்கிடையே தொயோஹிரோ என்னும் ஆசானிடம் ஓவியம் பயின்றார். தொக்கைடோ பெருவழியின் 53 தங்குமிடங்களைக் காட்டும் மர அச்சுப் படங்களால் 1830-களில் பெரும்புகழ் எய்தினார்.

1855-இல் நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்த தீயும் எடோவை அழித்தன, பல்லாயிரவர் மாண்டனர். மறு ஆண்டே, முதுமையை எட்டிய ஹிரோஷிகே, அந்நகரின் எழிலிடங்களை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார். அவ்வரிசையில் 1858-இல் வெளிவந்தது ரியோகோகு பாலத்து வாணவேடிக்கை. இருண்ட வானில் பொறிகள் சிதறி விழுகின்றன. கீழே சுமிதா ஆற்றில் படகுகள் நிறைந்துள்ளன. அச்சிடுவோர் பலகையில் மையைச் சிறுகச் சிறுக மங்கச் செய்து, இரவின் ஆழத்தை அமைத்தனர். அவ்வாண்டிலேயே ஹிரோஷிகே மறைந்தார்.

அவர் படங்களிரண்டை 1887-இல் வான்கோ வண்ணந்தீட்டிப் படியெடுத்தார். இளமையில் தீயோடு போராடியவர், அத்தீயையே ஊரார் அஞ்சாது கண்டு மகிழும் ஒளியாக்கி விட்டுச் சென்றார்.