வாக்குக் கேட்ட விஞ்ஞானி

இந்தியப் பாராளுமன்றத்திற்குள் ஒரு விஞ்ஞானி நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, அரசியல் சட்டத்தின் 80ஆம் விதி திறந்து வைத்திருக்கும் வாயில். இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூகத் தொண்டு ஆகிய துறைகளில் தேர்ந்த பன்னிருவரை ஜனாதிபதி ராஜ்யசபைக்கு நியமிக்கலாம். அந்த வாயில் வழியாகச் செல்பவர் யாரிடமும் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை. அழைப்பு வீடு தேடி வரும். மற்றொன்று பொதுவாயில். இருபத்தைந்து வயது நிறைந்த குடிமக்கள் யாரும் தேர்தலில் நிற்கலாம். தெருத் தெருவாக நடந்து, தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாக்குக் கேட்டு, வென்றால் லோக்சபைக்குப் போகலாம். எனக்கு வயது இருபத்து மூன்று. சட்டம் என்னை இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. முதலில் பரீட்சை முடியட்டும் என்று நானும் பொறுத்திருக்கிறேன்!

1952ஆம் ஆண்டில், கல்கத்தாவில் ஒரே வகுப்பில் படித்த இரு பௌதிக மேதைகள் பாராளுமன்றம் புகுந்தார்கள். சத்தியேந்திரநாத் போஸ் முதல் வாயில் வழியாகச் சென்றார். அவரோடு நியமனம் பெற்றவர்களின் வரிசை அழகானது: நாட்டியக் கலைக்கு வாழ்வளித்த ருக்மிணி தேவி அருண்டேல், நடிகர் பிருதிவிராஜ் கபூர், இந்திக் கவிஞர் மைதிலி சரண் குப்தர், சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். போஸின் வகுப்புத் தோழரான மேகநாத் சாஹா மட்டும் பொதுவாயில் வழியாக வந்தார். என்னோடு பௌதிகம் படிப்பவர்களில் சாஹா சமன்பாட்டை எழுதத் தெரியாதவர் இல்லை. அவர் மக்கள் வாக்குப் பெற்ற பிரதிநிதி என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். ஆகவேதான் அவர் கதையை நம் மலரில் சொல்லத் துணிந்தேன்.

சாஹா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டாக்காவை அடுத்த ஷியோராதலி என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது பங்களாதேசத்தில் இருக்கிறது. புயலும் மழையும் முழங்கிய நாளில் பிறந்ததால் மேகத்தின் பெயரைச் சூட்டினார்கள் என்று சொல்வதுண்டு. கம்பனைப் படித்த நமக்கு மேகநாதன் என்றதும் இந்திரசித்தன் நினைவு வரும். தந்தை ஜகந்நாத் சிறுகடை வைத்துப் பிழைத்தவர். எட்டுக் குழந்தைகளில் மேகநாத் ஐந்தாமவர். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பையனைக் கடையில் உட்கார வைத்துவிடலாம் என்பது தந்தையின் எண்ணம். அண்ணன் ஜயநாத் குறுக்கிட்டு, சில மைல் தொலைவில் சிமுலியா என்ற ஊரில் அனந்தகுமார் தாஸ் என்ற வைத்தியர் வீட்டில் தம்பிக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். சோறும் இடமும் இலவசம். பதிலுக்கு, பையன் தான் உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டு பற்றிய அந்த நிபந்தனைக்குச் சாதியே காரணம் என்பதை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1905ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று டாக்காவிலே பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கவர்னர் வருகையை எதிர்த்த மாணவர்களில் சாஹாவும் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கினார்கள், உதவித்தொகையும் போயிற்று. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அரசியல் கொடுத்த முதல் பரிசு அது. வேறு பள்ளியில் சேர்ந்து, 1909இல் நுழைவுத் தேர்வில் கீழ்வங்காள மாணவர்களுள் முதல்வராகத் தேறினார்.

பிறகு கல்கத்தா, பிரசிடென்சி கல்லூரி. ஆசிரியர்கள் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். உடன் படித்தவர் சத்தியேந்திரநாத் போஸ். ஓராண்டு மூத்தவர் மகலனோபிஸ். ஒரே கூரையின் கீழ் இத்தனை மேதைகள் கூடியதை எண்ணினால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் விடுதியில் சாப்பாட்டு நேரம் வந்தால் சாஹா மற்றவர்களோடு சமமாக உட்கார முடியவில்லை. சூரியனை ஆராயப் போகிற மாணவனுக்குப் பந்தியில் இடமில்லை! தேர்வுகளில் போஸ் முதல்வர், சாஹா இரண்டாமவர். புரட்சிக்காரர்களோடு தொடர்புண்டு என்ற சந்தேகத்தால் அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கதவு சாத்தப்பட்டதால் பௌதிகம் பிழைத்தது.

1920இல், இருபத்தாறு வயதில், அவர் வெளியிட்ட கட்டுரை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. விஞ்ஞானம் படிக்காத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்திற்கும் ஒரு கையெழுத்து. ஆனால் ஒரு நட்சத்திரத்தில் தெரியும் கையெழுத்து இன்னொன்றில் தெரியாது. அந்தப் பொருள் அங்கே இல்லையா? இருக்கலாம், வெப்பமும் அழுத்தமும் அணுவிலிருந்து எலெக்ட்ரானைக் கழற்றிவிட்டதால் கையெழுத்து மாறிப்போயிருக்கலாம். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு அணுக்கள் அப்படி உடையும் என்று கணக்கிடும் வழியைத்தான் சாஹா கொடுத்தார். 1925இல் சிசிலியா பெயின் என்ற பெண்மணி நட்சத்திரங்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று காட்டியதும் இந்தச் சமன்பாட்டை வைத்துத்தான்.

அலகாபாத்தில் பதினைந்து ஆண்டுகள் பேராசிரியர். 1927இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1938இல் மீண்டும் கல்கத்தா. இவற்றை விரைவாகக் கடந்து செல்கிறேன். பாடப் புத்தகங்களில் உள்ளவை. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, பிரபுல்ல சந்திர ராயின் நிவாரணப் பணியில் சாஹா உழைத்தார். வெள்ளத்தில் மிதந்த ஊர்களைக் கண்டவர் கஞ்சி ஊற்றுவதோடு நிற்கவில்லை. ஆறு ஏன் கரை மீறுகிறது, அதை எப்படிக் கட்டுவது என்று கேட்கத் தொடங்கினார். 1935இல் தாம் தொடங்கிய ‘சயன்ஸ் அண்ட் கல்ச்சர்’ பத்திரிகையில் நதிகள், மின்சாரம், திட்டமிடல் பற்றி ஓயாமல் எழுதினார். 1938இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது தேசியத் திட்டக் குழு அமைந்ததில் சாஹாவுக்குப் பெரும் பங்குண்டு. அதன் தலைவர் ஜவஹர்லால் நேரு. 1943இல் தாமோதர் நதி உடைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அமைந்த விசாரணைக் குழுவில் சாஹா இருந்தார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது.

இவ்வளவு செய்தவர் சுதந்திர இந்தியாவில் அதிகார வட்டத்தின் மையத்தில் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பெருந்தொழில்களே நாட்டை உயர்த்தும் என்றும், கைராட்டையால் வறுமை தீராது என்றும் வெளிப்படையாகச் சொல்லி வந்தவரைக் காங்கிரஸில் பலர் விரும்பவில்லை. 1948இல் அணுசக்திக் கமிஷன் ஏற்பட்டது. ஹோமி பாபா தலைவர். பட்நாகரும் நம் கே. எஸ். கிருஷ்ணனும் அங்கத்தினர்கள். சாஹா அதில் இல்லை. முதலில் பல்கலைக்கழகங்களில் அணுப் பௌதிகம் வேரூன்றட்டும், தொழில்கள் வளரட்டும், கமிஷன் பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி. இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடலாம். ஆனால் குழுக்களில் உட்கார்ந்து சொன்னால் போதும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போதே தளர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே தீர வேண்டிய இடம் நாட்டில் ஒன்றுதான் இருந்தது.

முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. வாக்காளர் பதினேழு கோடிக்கு மேல், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். சாஹா கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நின்றார். கையில் பணம் இல்லை. வெப்பவியல் பற்றி அவர் எழுதிய பாட நூல் நன்றாக விற்று வந்தது. அதன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார். தேர்தல் செலவுக்குப் பாடப் புத்தகத்தை நம்பிய வேட்பாளர் வேறு யாரும் இருந்தாரா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு லோக்சபை வேட்பாளர் சட்டப்படி 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இடதுசாரிகளின் ஆதரவு அவருக்கு இருந்தது. சில பட்டியல்கள் அவரை ஒரு கட்சியின் பெயரில் சேர்க்கின்றன. வேறு சில சுயேச்சை என்கின்றன. எந்தக் கட்சியின் கட்டளைக்கும் கட்டுப்பட்டு அவர் பேசியதில்லை என்பதே உண்மை. காங்கிரஸ் வேட்பாளரைத் தெளிவான வித்தியாசத்தில் வென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட 489 பேரில் காங்கிரஸ்காரர் 364. வாக்கெடுப்பு என்று வந்தால் சாஹாவின் கை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒன்றுதான். அப்படியானால் அங்கே போய் என்ன பயன்?

1954ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் நடந்ததைப் பார்ப்போம். அணுசக்தியை ஆக்க வேலைகளுக்குப் பயன்படுத்துவது பற்றி லோக்சபையில் விவாதத்தைக் கிளப்பியவர் சாஹா. அணு விஷயம் என்றாலே இரகசியம் என்று மூடி வைத்திருந்த காலம். அந்த விஷயத்தை, அதை அறிந்த ஒருவர், வாக்காளர்களின் பெயரால் சபை நடுவில் எடுத்து வைத்தார். பிரதமர் நேருவே எழுந்து பதிலளித்தார். சாஹாவின் கருத்து வென்றதா என்பது இரண்டாவது கேள்வி. பொதுமக்கள் பணம் செலவாகும் ஒரு காரியம் பொதுமக்கள் சபைக்கு வந்தது. ஐந்தாண்டுத் திட்டம், நதித் திட்டங்கள், கல்வி, கீழ்வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் மறுவாழ்வு என்று அவர் தொட்டவை பல. அகதிகள் பிரச்சினை அவருக்கு ஏட்டுப் பிரச்சினை அன்று. அவர் பிறந்த மண்ணே எல்லைக்கு அப்பால் போய்விட்டது.

இடையில் பஞ்சாங்கத்தையும் விட்டு வைக்கவில்லை. 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். நாடெங்கும் வழங்கிய முப்பது வகை நாட்காட்டிகளைக் குழு ஆராய்ந்தது. நம் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14இல் வருகிறது. பகலும் இரவும் சமமாகும் நாளோ மார்ச் 21ஐ ஒட்டியது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆண்டின் நீளத்தைக் கணக்கிட்ட முறையிலிருந்த சிறு வேறுபாடு, நூற்றாண்டுகளில் இருபத்து மூன்று நாளாக வளர்ந்துவிட்டது. சாஹா குழு வகுத்த சக ஆண்டு நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் அரசாங்க வழக்கிற்கு வந்தது. அரசாங்கம் ஏற்றது, பாட்டிமார் ஏற்கவில்லை. என் பாட்டி இன்றும் பாம்புப் பஞ்சாங்கம்தான் பார்க்கிறாள்.

அரசியலில் இறங்கியதால் பௌதிகம் ஒரு மேதையை இழந்தது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அது முழுவதும் சரியாகப் படவில்லை. கல்கத்தாவில் அவர் எழுப்பிய அணுப் பௌதிக நிலையம் இன்று அவர் பெயராலேயே நடக்கிறது. உறுப்பினராக இருந்த ஆண்டுகளிலும் ஆராய்ச்சி நிலையப் பொறுப்பை அவர் விடவில்லை. போஸ் நியமனம் பெற்றதைக் குறைவாகச் சொல்ல எனக்கு எண்ணமில்லை; அறிஞரை அழைத்து உட்கார வைக்கும் சபை நல்ல சபையே. ஆயினும் விருந்தாளிக்கும் வீட்டுக்காரனுக்கும் வித்தியாசம் உண்டு. விருந்தாளி கூரை ஒழுகுகிறது என்று சொல்லத் தயங்குவான். சாஹா தயங்கவில்லை, அவரை அனுப்பியவர்கள் கல்கத்தாவின் தெருக்களில் இருந்தார்கள். இன்றைய லோக்சபையில் 543 இடங்கள். ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020இல் முடிந்துவிட்டதால், அத்தனையும் வாக்கால் நிரம்புபவை. 2024இல் அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுயேச்சைகள் எழுவர்.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த சாஹா வழியிலே விழுந்தார். மாரடைப்பு. வயது அறுபத்திரண்டு. அந்த நாட்களில் மேற்கு வங்காளத்தையும் பீகாரையும் ஒன்றாக இணைக்கும் திட்டம் ஒன்று கிளம்பியிருந்தது. சாஹாவின் மறைவால் காலியான கல்கத்தா வடமேற்கில் நடந்த இடைத்தேர்தல், அந்தத் திட்டத்தின் மேல் மக்கள் அளிக்கும் தீர்ப்பாக மாறியது. காங்கிரஸ் தோற்றது; இணைப்பை எதிர்த்த வேட்பாளர் வென்றார். முதலமைச்சர் பி. சி. ராய் திட்டத்தைக் கைவிட்டார்.