ரோசாப்பூ துரை

மிங்கலா தாங்ஞுன்டில் வாழும் நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த மதுரையில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ பாரிஸ்டரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அவர் பெயர் ஜார்ஜ் ஜோசப்.

கேரளத்துச் செங்கன்னூரில் 1887-ல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் படித்து, லண்டனில் பாரிஸ்டராகி 1909-ல் திரும்பினார். பெரிய மனிதர்களுக்கு வழக்காடிச் செல்வம் சேர்த்திருக்கலாம். மதுரையில் அவரைத் தேடி வந்தவர்களோ ஏழைகள்.

பிள்ளைகளே, அப்போது குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. தவறே செய்யாவிட்டாலும், கள்ளர் குலத்தில் பிறந்தாலே குற்றவாளி! ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகவும் சீட்டு வேண்டும். நர்சிங் படிக்க வெளிநாடு போனபோது நானும் கைரேகை வைத்தேன். அது நானாக விரும்பிப் போன பயணம். பிறந்ததற்காக ரேகை வைப்பது எத்தனை அவமானம்!

1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடிய மாயக்காளும் அவர்களில் ஒருவர். (என் தொழிலுக்கு அவரையும் ஒரு மூத்த சகோதரியாகவே நினைக்கிறேன்.) அந்த மக்களுக்காக ஜோசப் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். அவர்கள் அன்போடு வைத்த பெயர்தான் ரோசாப்பூ துரை.

சுதந்திரப் போராட்டத்துக்காக வக்கீல் தொழிலை விட்டு, அலகாபாத்தில் மோதிலால் நேருவின் பத்திரிகைக்கு ஆசிரியரானார்; சிறையும் சென்றார். 1924-ல் வைக்கத்தில் கோயில் தெருவில் தாழ்த்தப்பட்டோர் நடக்க உரிமை கேட்டு நடந்த போராட்டத்தில் முன்னின்று கைதானார். அது இந்துக்கள் தீர்க்க வேண்டிய காரியம், கிறிஸ்தவர் ஒதுங்கியிருக்கட்டும் என்பது காந்தியடிகளின் எண்ணம். ஜோசப் இதை மதக் காரியமாகப் பார்க்கவில்லை, மனித உரிமையாகப் பார்த்தார். மனம் நொந்தார். அவர் பக்கமே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

1938 மார்ச் 5-ந் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 50. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல். அதைக் காண அவர் இல்லை. அவர் யாருக்காக வாதாடினாரோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மதுரையிலுள்ள அவர் கல்லறைக்கு இன்றும் மாலையோடு வருகிறார்கள்.