கூடைப்பந்து தந்த பெரியார்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. உள்ளத்திற்கு ஒழுங்கு தருவது. உரம் மிகுந்து ஒழுங்கு குறையின் ஆட்டம் பூசலாய் முடியும். இதனை நன்குணர்ந்து, மெய்வலிக்கு வரம்பு கட்டிய புதியதோர் ஆட்டத்தை உலகிற்கு அளித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஆவார்.

இவர் கனடா நாட்டில் ஆல்மாண்ட் என்னும் ஊரின் அருகே 1861ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். சிறுவராயிருந்தபோதே தாயும் தந்தையும் நச்சுக் காய்ச்சலுக்கு இரையாயினர். தாய்மாமனே இவரை வளர்த்து ஆளாக்கினார். மாண்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் 1887ஆம் ஆண்டு பட்டம் பெற்ற இவர், பின்னர்ச் சமயக் கல்வியும் கற்றுத் தேர்ந்தார். எனினும், விளையாட்டின் வாயிலாகவும் இளைஞரை நன்னெறியில் நிறுத்தலாம் எனக் கருதி, அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறித்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியை அடைந்தார்.

1891ஆம் ஆண்டின் குளிர்காலம் வந்தது. வெளியே ஆட இயலாத மாணவர் பதினெண்மர், உள்ளரங்கில் செய்யும் உடற்பயிற்சியை வெறுத்தனர். அவர்களுக்கேற்ற புதிய ஆட்டம் ஒன்றைப் பதினான்கு நாளில் வகுக்குமாறு பள்ளியின் உடற்கல்வித் துறைத் தலைவர் கூலிக் நெய்ஸ்மித்தைப் பணித்தார். இலக்குத் தரைமட்டத்தில் இருப்பின் பந்தை வன்மையாய் எறிவர். தலைக்கு மேல் இருப்பின் மென்மையாய் வளைத்து எறிதலே வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆதலின் பீச்சுப் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்து மேல்மாடத்தில் இரு புறமும் அறைவித்தார்.

எனினும் முதல் முயற்சி எளிதில் வெற்றியுறவில்லை. விதிகள் போதாமையால் மாணவர் ஒருவரையொருவர் பற்றி வீழ்த்தினர், உதைத்தனர், குத்தினர். கண் வீங்கியோரும் தோள் மூட்டு நழுவியோரும் இருந்தனர் என்று 1939ஆம் ஆண்டு வானொலியில் அவரே நினைவு கூர்ந்தார். பந்தை ஏந்தி ஓடுவதனால் அன்றோ அவனைப் பிடித்து வீழ்த்த நேர்கின்றது? பந்துடன் ஓடலாகாது என விதித்தால் பூசலுக்கு இடமில்லை. இவ்வாறு பூசலின் வேரையே அவர் களைந்தார்.

அவர் வகுத்த பதின்மூன்று விதிகள் 1892ஆம் ஆண்டு சனவரியில் அச்சேறின. தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறச் செய்தல், அடித்தல் ஆகிய அனைத்தும் தவறு என்பது ஐந்தாம் விதி. இரண்டாம் முறை தவறியவன் அடுத்த இலக்கு விழும்வரை விலகி நிற்றல் வேண்டும். ஊறு செய்யும் எண்ணம் தெளிவாயின் ஆட்டம் முடியும்வரை விலகுதல் வேண்டும். ஆடுவோரின் நடத்தையை நோக்க ஒரு நடுவரும், பந்தின் போக்கை நோக்க மற்றொரு நடுவரும் அமைக்கப்பட்டனர்.

பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்ற நெய்ஸ்மித், 1898ஆம் ஆண்டு முதல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கு அவர் பயிற்றிய அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் தம் ஆட்டம் இடம்பெற்றதைக் கண்டு களித்த அவர், 1939ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் மறைந்தார்.

அவர் எழுப்பிய வினா இன்றும் ஓயவில்லை. தடுப்போன் நெருங்கி நிற்பது திறம். கையால் நிறுத்துவது தவறு. இரண்டிற்கும் இடையே உள்ள எல்லையோ மயிரிழை போன்றது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இன்று மூன்று நடுவர் அதனைக் காக்கின்றனர். ஐந்தாம் தவறு செய்தவன் வெளியேற வேண்டும். முரட்டுத் தடுப்பு மிகுந்தமையால், பந்தைத் தட்டிச் செல்வோன்மீது கையை ஊன்றி வைத்தலும், இரு கையாலும் தொடுதலும், மீண்டும் மீண்டும் தீண்டுதலும் தவறென 2013ஆம் ஆண்டு கண்டிப்புடன் வரையறுத்தனர். ஊதல் ஒலி மிகுந்து ஆட்டம் தடைப்படுகின்றது என முறையிட்டோரும் உளர். ஆயின், நடுவர் வாளாவிருப்பின் வலியோனே வெல்வான், திறலோன் தோற்பான்.

மாணவர்களே! எதிரியைத் தடுக்க வலிமை வேண்டும். தன்னைத் தடுக்க அதனினும் பெரிய வலிமை வேண்டும். அவ்வலிமை உடையோர்க்கே நெய்ஸ்மித் கூடையை உயரத்தில் வைத்தார்.