எங்கே ராஜன்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

நீண்ட நாள் வாழ்ந்து மறக்கப்பட்டோர் பலர். கல்லூரிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு மாணவனையோ நாடு இன்றும் மறக்கவில்லை. அவன்தான் கேரளத்து ராஜன்.

1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. எதிர்க்கட்சித் தலைவர்கள் மிசா சட்டத்தில் சிறைப்பட்டனர். 1976 ஜனவரி 31 அன்று நம் மாநில அரசும் கலைக்கப்பட்டது.

ராஜன் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவன், நன்றாகப் பாடுவான். தந்தை ஈச்சர வாரியர், நம் கல்லூரியைப் போன்றதொரு அரசுக் கல்லூரியில் இந்திப் பேராசிரியர். 1976 பிப்ரவரி இறுதியில் காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினர். சந்தேகத்தின் பேரில் மார்ச் 1 விடியற்காலையில் ராஜனைக் காவலர் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் அவனைக் கிடத்தி, தொடைகளின் மேல் கனத்த மர உருளையை உருட்டினர். மறுநாளே அவன் உயிர் பிரிந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அவன் மீது எந்தக் குற்றமும் எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

மகன் பிடிபட்ட செய்தியைக் கல்லூரி முதல்வர் தந்தைக்குத் தெரிவித்தார். வாரியர் முகாமுக்கு ஓடினார். உள்துறை அமைச்சர் கருணாகரனையும் முதலமைச்சர் அச்சுத மேனனையும் கண்டு முறையிட்டார். பதில் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். மின்சார ரயில் சற்றுத் தாமதமானாலே என் அப்பா தாம்பரம் நிலையத்தில் வந்து நிற்பார். ஓராண்டுக்கு மேல் ஒரு தந்தை எப்படித் தேடியிருப்பார் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நீதிமன்றக் கதவும் அன்று அடைபட்டிருந்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றமே முறைப்படி நிராகரிக்க 2017 வரை ஆயிற்று.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியது. உடனே வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு கொடுத்தார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சாதித்தது. ஆனால் அவனைப் பிடித்துச் சென்றதைக் கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள். கைது உண்மையே என்று நீதிமன்றம் ஏப்ரலில் முடிவு செய்தது. அதற்குள் முதலமைச்சராகியிருந்த கருணாகரன், பதவியேற்ற ஒரே மாதத்தில் விலக நேர்ந்தது. ராஜன் முகாமிலேயே இறந்தான் என்று பின்னர் அரசு ஒப்புக்கொண்டது. காவல் அதிகாரிகள் மீதான வழக்கு நம் கோயம்புத்தூரில் நடந்தது. மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையாயினர். வாரியர் தம் நினைவுகளை நூலாக எழுதி வைத்து, 2006இல் மறைந்தார்.

நண்பர்களே, ராஜன் மேடையேறி முழங்கியவன் அல்லன். ஆயினும் அவன் எங்கே என்ற கேள்வி ஓர் ஆட்சியையே ஆட்டி வைத்தது. முதல்வர் தெரிவித்த ஒரு செய்தி, கண்டதைச் சொல்லத் துணிந்த சாட்சிகள், சலிக்காத ஒரு தந்தை: அக்கேள்விக்கு வலிமை தந்தவை இவையே. நம்மில் ஒருவர் திடீரென்று காணாமற்போனால் கேட்கவும், கண்டதைச் சொல்லவும் நாம் அஞ்சாதிருக்க வேண்டும். ராஜன் படித்த கல்லூரியில் அவன் நினைவாக ‘ராகம்’ என்ற கலைவிழா நடக்கிறது. பாட்டுப் பாடியவனுக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை.