கூஃபாவின் துணிக்கடை: இமாம் அபூஹனீஃபா (ரஹ்) வளர்த்த ஆட்கள்

 

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு கடைக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். பத்து வருடம் கூடவே வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்த பையன் அதே தெருவில் தனிக்கடை போட்டுவிட்டானாம். இனி யாருக்கும் தொழிலைச் சொல்லித்தரப் போவதில்லை என்றார். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். மத்ஹபின் இமாமாக அவர்களை எல்லோரும் அறிவோம். கடை நடத்திய வியாபாரியாக அவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹிஜ்ரி 80ல் கூஃபாவில் பிறந்த அவர்களின் தொழில், கஸ்ஸு எனும் விலையுயர்ந்த துணி வியாபாரம். ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் அவர்களின் கூட்டாளி. ஒருமுறை அவரிடம் சரக்கு அனுப்பியபோது, ஒரு துணியில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும் என்று தெரிவித்தார்கள். ஹஃப்ஸ் மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். கூட்டாளிக்கு இதைவிடத் தெளிவாகக் கடையின் சட்டத்தை யார் சொல்லிக்கொடுக்க முடியும்?

வியாபார லாபத்தில் ஆலிம்களுக்கு உணவும் உடையும் வாங்கிக் கொடுப்பார்கள். தமக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வைப் புகழுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

அவர்களின் மாணவர் யஃகூப், பிற்காலத்தில் அபூயூஸுஃப் என்று பிரபலமானவர், ஏழை. பிழைப்பைப் பார்க்கச் சொல்லி வீட்டார் அவரைப் பாடத்திலிருந்து நிறுத்தினார்கள். அவர் வராததைக் கவனித்த இமாமவர்கள் காரணம் கேட்டறிந்து, 100 திர்ஹம் உள்ள பையைக் கையில் கொடுத்தார்கள். தீர்ந்ததும் சொல் என்றார்கள். ஆனால் சொல்லும் நிலை அவருக்கு ஏற்படவே இல்லை. தீருமுன் அடுத்த பை வந்துகொண்டிருந்தது. கேட்ட பிறகு கொடுப்பது வேறு, சகோதரர்களே. கேட்கவிடாமல் கொடுப்பது வேறு.

அவர்களின் சபையில் 40 பேர் வரை இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒரு மஸ்அலாவை முன்வைத்து ஒவ்வொருவர் கருத்தையும் கேட்பார்கள். சில வேளை ஒரு மாதம்கூட விவாதம் நீளும். ஜுஃபர் போன்றவர்கள் உஸ்தாதுக்கு முன்னாலேயே மறுத்துப் பேசுவார்கள். ஆஃபியா இப்னு யஸீத் வரவில்லையென்றால், அவர் வரும்வரை முடிவை எழுதவிட மாட்டார்கள். முதலாளி இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்ற சட்டம் நம் கடைகளில் உண்டு. ஓர் ஆள் இல்லாமல் முதலாளி முடிவெடுப்பதில்லை என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

இப்போது அந்தக் கடைக்காரரின் விஷயத்துக்கு வருகிறேன். அபூயூஸுஃப் நோயுற்றபோது, தமக்குப் பின் மக்களுக்கு இவரையே நம்பியிருப்பதாக இமாமவர்கள் சொன்னார்கள். அது அவர் காதுக்குப் போனது. குணமானதும் அபூயூஸுஃப் தனியாகப் பாடம் நடத்த உட்கார்ந்துவிட்டார்!

இமாமவர்கள் கோபப்படவில்லை. ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினார்கள். துணியை வாங்கிய சலவைக்காரர், வாங்கவே இல்லை என்று மறுத்தார். பிறகு வெளுத்துத் திருப்பித் தந்தார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றார் அபூயூஸுஃப். தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார். அதுவும் தவறு என்றார் வந்தவர். அபூயூஸுஃப் உடனே எழுந்து உஸ்தாதிடம் போனார். மறுப்பதற்கு முன் வெளுத்திருந்தால் கூலி உண்டு. மறுத்த பின் வெளுத்திருந்தால் தனக்காக வெளுத்தது, கூலி இல்லை என்று விளக்கம் கிடைத்தது. பழைய இடமும் கிடைத்தது.

இமாமவர்களும் இளமையில் இப்படிப் பிரிய நினைத்தவர்கள்தான். உஸ்தாத் ஹம்மாத் ஊரில் இல்லாத நாட்களில் அவர் இடத்தில் இருந்து 60 கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். திரும்பி வந்த ஹம்மாத் 20 பதில்களை ஏற்கவில்லை. அதன்பின் ஹிஜ்ரி 120ல் ஹம்மாத் மரணிக்கும்வரை அவரைப் பிரியவில்லை. இளைஞனின் அவசரம் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஹிஜ்ரி 150ல் இமாமவர்கள் பக்தாதில் மரணித்தார்கள். சபை கலையவில்லை. இளைஞராக இருந்த முஹம்மத் இப்னுல் ஹஸன், அபூயூஸுஃபிடம் மீதிப் பாடத்தை முடித்தார். அந்த ஏழை மாணவர் யஃகூப், ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காஜியானார்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். பையன் கடைக்கு ஒருமுறை போய் வருவோமா என்று கேட்டேன். இன்று அஸருக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், இருவரும் போகிறோம்.