பேட்டை முதல் மஞ்சேரி வரை: காயிதே மில்லத்தின் தேர்தல் களங்கள்

தண்பொருநை பாயும் நெல்லைச் சீமையின் பெருமக்களை எண்ணத் தொடங்கினால் வீரபாண்டிய கட்டபொம்மனையும் வ.உ.சிதம்பரனாரையும் பாரதியாரையும் முதலில் சொல்லிப் பழகியிருக்கிறோம். சட்டமன்றப் பணிக்கென ஒருவரைச் சொல்லுக என்றால், நெல்லை நகரின் மேற்கே அமைந்த பேட்டையில் 1896-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் பிறந்த முகம்மது இஸ்மாயில் சாகிபு அவர்களையே நாம் சொல்லுவோம். சமுதாய வழிகாட்டி எனப் பொருள்படும் காயிதே மில்லத் என்னும் பட்டம் அவருடைய இயற்பெயரையே மறைத்துவிட்டது. காயிதே ஆஜம் என்பது ஜின்னா அவர்களின் பட்டம்; இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் இன்றும் உளர் என்பதால் இதனை முதலிலேயே சொல்லிவைக்கிறோம்.

மார்க்க அறிஞராகவும் வணிகராகவும் விளங்கிய மௌலவி மியாகான் ராவுத்தரின் மகனாகப் பிறந்த இஸ்மாயில் தந்தையை இளமையிலேயே இழந்தார். தாயாரின் அரவணைப்பில் மார்க்கக் கல்வியும், நெல்லையிலேயே பள்ளிக் கல்வியும் பெற்றார். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்து நெல்லை நகரம் கொந்தளித்து, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 11. அந்நாளைய நெல்லைச் சிறுவன் எவனும் அரசியலை அறியாதிருக்க வழியில்லை. மறு ஆண்டே, 13 வயதில், ஊர் இளைஞர்களைச் சேர்த்து முஸ்லிம் வாலிபர் சங்கம் ஒன்றை அவர் நிறுவினார் என்பது வியப்பான செய்தியே.

அதே 1909-ஆம் ஆண்டில்தான் மிண்டோ-மார்லி சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறையை இந்நாட்டில் புகுத்தியது. முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுப்பர் என்பது அம்முறை. பேட்டையில் சங்கம் அமைத்த சிறுவனுக்கும் இலண்டனில் நிறைவேறிய சட்டத்துக்கும் அன்று தொடர்பேதுமில்லை. ஆயினும் அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி இம்முறையின் வளர்ச்சியோடும் மறைவோடும் பிணைந்து கிடப்பதால் இவ்வாண்டை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1920-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வை எழுதாமல் வெளியேறினார். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு வணிகர் சங்கங்களில் பொறுப்பு வகித்தார். 1923-இல் ஜமால் கமீதா பீ அம்மையாரை மணந்தார். மியாகான் என்று தந்தையின் பெயர் தாங்கிய ஒரே மகன் பிறந்தார். காங்கிரசு உணர்வோடு தொடங்கியவர் 1930-களின் பிற்பகுதியில் முஸ்லிம் லீகில் இணைந்தார். 1945-இல் சென்னை மாகாண லீகின் தலைவரானார்.

1946 தேர்தலுக்கு வருவோம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் நடந்த அத்தேர்தலில் அனைவருக்கும் வாக்கில்லை. சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே வாக்குரிமை. 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு பெரும்பான்மை பெற, முஸ்லிம் தொகுதிகளில் போட்டியிட்ட லீக் 28 இடங்களைப் பெற்றது. இரண்டாம் பெருங்கட்சி என்ற நிலையில் அதன் தலைவர் இஸ்மாயில் சாகிபு எதிர்க்கட்சித் தலைவரானார். பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூன்று முதலமைச்சர்கள் மாறினர். எதிர்க்கட்சித் தலைவர் 1952 வரை மாறவில்லை. ஜமீன்தாரி ஒழிப்பு, ஆலய நுழைவு, மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு எனத் தமிழகத்தின் முகத்தை மாற்றிய சட்டங்கள் நிறைவேறிய மன்றம் அது.

ஆனால் அப்பதவி எத்தகைய நெருப்பு இருக்கை என்பதை இன்றைய மாணவர் எளிதில் உணர முடியாது. 1947 ஆகஸ்டு 15-இல் நாடு இரண்டானது. லீகின் அகில இந்தியத் தலைவர்கள் பாகிஸ்தான் சென்றனர். எந்தக் கட்சியின் கோரிக்கையால் நாடு பிரிந்ததோ, அந்தக் கட்சியின் பெயரைச் சுமந்துகொண்டு இந்தியச் சட்டமன்றம் ஒன்றில் எதிர்வரிசையில் அமர்ந்திருந்தார் பேட்டைக்காரர். கட்சியைக் கலைத்துவிடுவதே அறிவுடைமை என்று பலர் கூறினர். அவ்வாண்டு டிசம்பரில் இலக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாடு, சமய அடிப்படையிலான கட்சிகளை விட்டு விலகுமாறு முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டது. அதே டிசம்பரில் கராச்சியில் கூடிய பழைய லீகின் பொதுக்குழு, கட்சியை இரு நாடுகளுக்கும் இரண்டாகப் பிரித்து, இந்தியப் பகுதியின் அமைப்பாளராக இஸ்மாயில் சாகிபை நியமித்தது. பொறுப்பைப் பெற்றுக்கொண்டு அவர் சென்னைக்கே திரும்பினார். 1948 மார்ச் 10-ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் சென்னை அரசினர் மண்டபத்தில் கூட்டம் கூடியது. காரசாரமான விவாதத்துக்குப் பின் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்னும் புதிய அமைப்பு உருவாயிற்று, அவரே தலைவர். இறுதிவரை அவரே தலைவராக இருந்தார்.

அம்முடிவு சரியா தவறா என்று கேட்பவர்களுக்கு விடை ஒன்றல்ல. ஆசாத் சொன்ன வழியும் நாட்டுப்பற்றின் வழியே. ஆனால் பழி வரும் என்று தெரிந்தும் பெயரை மாற்றிக்கொள்ளாமல், இந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே உரிமை கேட்பேன் என்று நின்ற துணிவை மாற்றுக் கருத்துடையோரும் மதிக்கவே செய்வர் என்பது நம் எண்ணம்.

இதே காலத்தில் அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். அவருடைய தம்பி கே.டி.எம். அகமது இப்ராகிம் அவர்களும் அச்சபையில் இடம்பெற்றிருந்தார். பேட்டையின் ஒரே வீட்டிலிருந்து இருவர் அரசியல் சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்த சிறப்பு இது. 1948 நவம்பர் 23-இல், பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, தம் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு எந்தச் சமூகத்தையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் திருத்தத்தை இஸ்மாயில் சாகிபு கொண்டுவந்தார். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். அம்பேத்கர் அத்திருத்தத்தை ஏற்கவில்லை எனினும் அப்பிரிவு அரசுக்கு ஓர் அதிகாரத்தை வழங்குவதேயன்றி அதைச் செயற்படுத்தியே தீரவேண்டும் என்னும் கட்டாயமன்று என விளக்கினார். திருத்தம் தோற்றது.

1949 மே மாதம் மற்றொரு தோல்வி. சிறுபான்மையோர்க்கான இட ஒதுக்கீட்டைக் கைவிடலாம் என்னும் பரிந்துரை சபைக்கு வந்தபோது, ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் தொடர வேண்டும் என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். சர்தார் பட்டேல் கடுமையாக எதிர்த்தார். பேகம் ஐசாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினரும் ஒதுக்கீடு வேண்டாம் என்றே வாதிட்டனர். பெரும்பான்மையோரின் வாக்கை நம்பி நிற்கும் சிறுபான்மை வேட்பாளர் தம் மக்களின் குறையை அஞ்சாமல் பேச முடியுமா என்பதே இஸ்மாயில் சாகிபின் ஐயம். பிரிவினையின் புண் ஆறாத வேளையில் அவ்வையம் எடுபடவில்லை. தனித் தொகுதிமுறை பிரிவினையை வளர்த்தது என்ற எதிர்வாதத்தில் உண்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவருடைய ஐயத்துக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு இனி வரும் தேர்தல்களுக்கே உண்டு என்ற நிலை அன்று ஏற்பட்டது.

தமிழ்த்துறை மலரில் எழுதுகையில் அவருடைய மொழிக் கொள்கையைத் தவிர்த்தல் ஆகாது. ஆட்சிமொழி விவாதம் 1949 செப்டம்பரில் நடந்தது. தமிழை ஆட்சிமொழியாக்குக என்று முழங்கினார் என மேடைகளில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அவர் நின்ற இடம் அதைவிட நுட்பமானது. காந்தியடிகள் விரும்பியவாறு, தேவநாகரி, உருது ஆகிய இரு வரிவடிவிலும் எழுதப்படும் இந்துஸ்தானியே பொதுமொழியாகலாம் என்று அவர் கருதினார். ஆனால் பழைமையே அளவுகோல் என்று எவரேனும் கூறுவாராயின், அந்த உரிமை தம் தாய்மொழியாகிய தமிழுக்கே முதலில் உண்டு என்று வாதிட்டார். முஸ்லிம்களின் மொழி உருது என்று வட இந்தியர் எண்ணியிருந்த அவையில், முஸ்லிம் லீகின் தலைவர் தமிழே தம் தாய்மொழி எனப் பெருமையோடு அறிவித்ததுதான் நம் நெஞ்சில் நிற்கிறது.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1952 தேர்தலில் தனித் தொகுதிகள் இல்லை. 28 இடங்களைப் பெற்றிருந்த லீக் சென்னைச் சட்டமன்றத்தில் 5 இடங்களே பெற்றது. அவையும் மலபார்ப் பகுதியினவே. தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. அவ்வாண்டு இஸ்மாயில் சாகிபு மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1958 வரை பணியாற்றினார். 375 பேர் கொண்ட மன்றத்தில் 5 பேரின் வாக்கு அதற்குப் போதாது என்பது வெளிப்படை. கட்சி எல்லைக்கு அப்பாலும் அவருக்கு மதிப்பு இருந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தலைவர் தமிழகத்தில், வாக்காளர் கேரளத்தில் என்ற நிலை உருவாயிற்று. கேரளத்திலோ காங்கிரசு 1960-இல் லீகோடு உடன்பாடு கண்டு வென்றபின் அமைச்சரவையில் இடம் தரவில்லை. சபாநாயகர் பதவி மட்டும் கே.எம். சீதி சாகிபுக்குக் கிடைத்தது. அந்த உறவும் முறிந்து, 1962 மக்களவைத் தேர்தலில் லீக் தனித்து நின்றது. முன்பு போக்கர் சாகிபு வென்றிருந்த மஞ்சேரித் தொகுதியில் இஸ்மாயில் சாகிபு வேட்பாளரானார். மலையாளம் அவருடைய தாய்மொழி அன்று. ஊரும் அவர் ஊர் அன்று. காங்கிரசும் கம்யூனிஸ்டும் எதிரே நிற்க, மும்முனைப் போட்டியில் சில ஆயிரம் வாக்குகளே வேறுபாடாக அவர் வென்றார். அதே ஆண்டில் துணைவியாரை இழந்தார்.

1967-இல் காட்சி முழுவதும் மாறியது. கேரளத்தில், ஐந்தாண்டுக்கு முன் எதிர்த்து நின்ற கம்யூனிஸ்டுகள் இ.எம்.எஸ். தலைமையில் அமைத்த கூட்டணியில் லீக் இடம்பெற்றது. தமிழகத்தில் அறிஞர் அண்ணாவும் ராஜாஜியும் இணைந்த அணியில் நின்றது. அரசியலில் எதிரெதிர் துருவங்கள் எனப்பட்டவர்களை ஒரே மேடையில் அமர்த்தியதில் இஸ்மாயில் சாகிபின் பொறுமைக்கும் பங்குண்டு என்பர். மஞ்சேரியில் அவருடைய வாக்கு வேறுபாடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. சென்னைச் சட்டமன்றத்துக்கு லீக் உறுப்பினர் மூவர் சென்றனர். மூவரும் எல்லாச் சமயத்தாரின் வாக்கையும் பெற்றுப் பொதுத் தொகுதியில் வென்றவர்கள். 1971-இல் மஞ்சேரி அவரை மூன்றாம் முறையாகத் தேர்ந்தெடுத்தது. அதே தேர்தலில் பெரியகுளம் தொகுதி எஸ்.எம். முகம்மது ஷெரீப் அவர்களை லீகின் சார்பில் மக்களவைக்கு அனுப்பியது. 1949-இல் அவர் எழுப்பிய ஐயத்துக்குத் தமிழ் மண் தந்த விடைகளுள் இதுவும் ஒன்று. முழு விடை என்று கொள்வதற்கில்லை. கூட்டணி இருந்தால் கிடைப்பதும் இல்லையேல் கிடைக்காததுமான வெற்றி அது. அவரும் அதை அறிந்தே கூட்டணிகளைப் பேணினார்.

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1974-இல் சென்னை அண்ணா சாலையில் தொடங்கப்பெற்ற அரசினர் மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூற்றாண்டாகிய 1996-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குச் சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. 1991-இல் தஞ்சை மாவட்டத்தைப் பிரித்து நாகையைத் தலைநகராகக் கொண்டு அமைத்த புதிய மாவட்டத்துக்குக் காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயரிட்டார்கள். போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குச் சூட்டிய பெயரால் தென் மாவட்டங்களில் மோதல் மூளவே, 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. காயிதே மில்லத் மாவட்டம் நாகப்பட்டினம் மாவட்டமாயிற்று.